கோலாலம்பூரின் பழைய கலைக் கண்காட்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் செந்தூலில் குடியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் மற்றப் பாடங்களோடு ஓவியமும் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஜாலான் துன் ரசாக் பக்கத்தில் இருக்கும் தேசியக் கலைக்கூடத்திற்கு, அதாவது பாலாய் செனி நெகாராவுக்கு, எத்தனையோ முறை மாணவர்களை அழைத்துப் போயிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் பெற்றோரும் பழைய மாணவர்களும் புலனம் (வாட்ஸ்அப்) வழியாக என்னிடம் கேள்வி கேட்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவை முடிந்துபோன கண்காட்சிகளைப் பற்றியவை. தனித்தனியே எழுதிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

முடிந்துபோன கண்காட்சியைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது? சுவரில்தான் படமே இல்லையே?

கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் மொய்ப் புத்தகம் வீட்டில் இருக்கும். யார் வந்தார், யார் வரவில்லை, எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதெல்லாம் அதில் தெரியும். கண்காட்சிக்கென்று அச்சிடும் நூலை நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஓவியங்கள் கிடங்குக்கோ வாங்கியவர் வீட்டுக்கோ போய்விடும். எந்த ஓவியத்தின் பக்கத்தில் எது தொங்கியது, யாரை அழைத்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்பது நூலில் மட்டுமே நிற்கும். ஒரு நாடு தன்னைப் பற்றி அந்த ஆண்டில் என்ன நினைத்தது என்று அறிய இதைவிட நல்ல சான்று அதிகம் இல்லை என்பது என் கருத்து.

தேசியக் கலைக்கூடம் எப்போது தொடங்கியது? ஆரம்பத்திலிருந்தே இப்போதைய கட்டடத்தில்தான் இருந்ததா?

இல்லை. 1958 ஆகஸ்டில், நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறையும் வேளையில், துங்கு அப்துல் ரஹ்மான் அதைத் திறந்துவைத்தார். அப்போது அது ஜாலான் அம்பாங் 109-இல் இருந்தது. கையிருப்பில் இருந்தவை நன்கொடையாக வந்த நான்கே படைப்புகள். 1984-இல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பழைய மெஜஸ்டிக் தங்குவிடுதிக்கு மாறியது. 1932-இல் திறக்கப்பட்ட விடுதி அது. 1998-இல்தான் ஜாலான் தெமர்லோவுக்கு, இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. மலாய் வீட்டுக் கூரையை நினைவூட்டும் வெளித்தோற்றம். உள்ளே சுற்றிச் சுற்றி மேலேறும் சாய்தளம்.

பழைய ஒளிப்படம் கையில் கிடைத்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1986-இல் ஓவியர் இப்ராஹிம் உசேனின் மீள்பார்வைக் கண்காட்சி, அதாவது அதுவரை வரைந்தவற்றைத் திரும்பிப் பார்க்கும் கண்காட்சி, நடந்தது என்றால், பார்வையாளர்கள் நின்றது அந்தப் பழைய விடுதியில். இப்போதைய மண்டபத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தால் ஒன்றும் பொருந்தாது.

நூலகக் கணினியில் கலைக்கூடத்தின் பெயரைத் தட்டினால் பாதி நூல்கள் வருவதில்லை. ஏன்?

கலைக்கூடத்தின் பெயர் பலமுறை மாறியிருக்கிறது. நீண்ட காலம் பாலாய் செனி லுக்கிஸ் நெகாரா. 1970-களின் இறுதியில் வெளிவந்த சில நூல்களில் மூசியம் செனி நெகாரா. 2011-ஐ ஒட்டி பாலாய் செனி விஷுவல் நெகாரா. இப்போது பாலாய் செனி நெகாரா. நான்கு பெயர்களிலும் தேடுங்கள். ஆங்கிலப் பெயரிலும் ஒருமுறை தேடுங்கள். ஓவியர் பெயரையும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டில் முயன்று பாருங்கள். நம்மவர் பெயர்களைப் பதிவு செய்தவர்கள் ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருக்கிறார்கள்.

பழைய கண்காட்சி நூல்களை எங்கே பார்க்கலாம்?

முதலில் கலைக்கூடத்தின் வள மையம். அடுத்தது, ஜாலான் துன் ரசாக்கில், அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் தேசிய நூலகம். 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் 5 பிரதிகளைப் பதிப்பித்தவர் அங்கே ஒப்படைக்க வேண்டும். கண்காட்சி நூல்களுக்கும் இது பொருந்தும். ஆகவே, அதற்குப் பிந்தைய கண்காட்சி என்றால் நம்பிக்கையோடு கேளுங்கள்.

அதற்கு முந்தையதென்றால் செய்தித்தாள்தான் கைகொடுக்கும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்வடிவில் இணையத்தில் வைத்திருக்கிறது. 1960-களிலும் 70-களிலும் கோலாலம்பூரில் நடந்த கண்காட்சிகளைப் பற்றிய செய்திகள் அவற்றில் நிறைய உண்டு. தமிழ் முரசும் அந்தத் தொகுப்பில் இருக்கிறது. இது தெரியாமலேயே பலர் ஆங்கில ஏடுகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஹாங்காங்கில் இருக்கும் ஆசியக் கலை ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தையும் பாருங்கள். மலேசியக் கலைஞர்கள் தொடர்பான பொருள்கள் அங்கேயும் உண்டு.

ஒரே ஒரு பழைய கண்காட்சியைப் பற்றித்தான் படிக்க நேரம் இருக்கிறது. எதைப் படிப்பது?

1974-இல் ரெட்சா பியாடாசா, சுலைமான் ஈசா என்ற இரு மலேசியக் கலைஞர்கள் சேர்ந்து நடத்திய கண்காட்சி. ‘ஒரு மறைஞான மெய்ம்மையை நோக்கி’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். இது நடந்த இடம் தேசியக் கலைக்கூடம் இல்லை. மலாய் மொழி வளர்ச்சி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவில் இருந்த ‘எழுத்தாளர் மூலை’ என்ற இடம். ஆனாலும் கலைக்கூடத்தின் வரலாற்றை எழுதுகிற யாரும் இதை விட்டுவிட்டு எழுத முடியாது.

உள்ளே போனவர்கள் ஓவியத்தைத் தேடினார்கள். ஓவியம் இல்லை. பாதி குடித்து வைத்த இரண்டு கோக்க கோலா புட்டிகள் இருந்தன. ஒரு வெற்றுப் பறவைக்கூண்டு இருந்தது: 1974 ஜூன் 10, திங்கட்கிழமை, பிற்பகல் 2.46 மணிக்குப் பறவையைத் திறந்துவிட்ட பிறகு இருந்த கூண்டு என்று குறிப்பு. அதே ஆண்டு மார்ச் 25 இரவில் கொசுவை விரட்டக் கொளுத்தி, எரிந்து தீர்ந்த கொசுவர்த்திச் சுருள்கள். பெட்டாலிங் ஜெயா முடிதிருத்தகம் ஒன்றில் அள்ளிவந்த தலைமுடி. எத்தனையோ நிழல்கள் விழுந்து போன ஒரு வெற்றுத் துணி.

கலைஞர்கள் சேர்த்து வெளியிட்ட அறிக்கை நீளமானது. அதன் சாரம் இவ்வளவுதான்: பொருளின் வடிவத்தைப் பார்ப்பது மேலைநாட்டு வழக்கம்; நாம் பொருளை ஒரு நிகழ்வாக, காலத்தில் நடந்துகொண்டிருப்பதாகப் பார்ப்போம். தாவோ, ஜென் போன்ற ஆசியச் சிந்தனைகளிலிருந்து அந்தப் பார்வையை எடுத்துக்கொண்டார்கள்.

வகுப்பில் இந்தப் பட்டியலை வாசித்துக் காட்டுவேன். முதலில் பிள்ளைகள் சிரிப்பார்கள். கூண்டிடம் வந்ததும், “டீச்சர், அந்தப் பறவை இப்போது எங்கே இருக்கும்?” என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை. 1974-இல் பறந்துபோன பறவையை இன்றைக்கு ஒரு குழந்தை தேடுகிறது என்றால், அந்தக் கண்காட்சி இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்வேன்.

பாதி குடித்த புட்டியெல்லாம் கலையா?

எனக்குக் கலைதான். உங்களுக்கு இல்லையென்றால் அதையும் மதிக்கிறேன். அறிக்கையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

இந்தக் கண்காட்சிகளில் தமிழர்களோ இந்திய வம்சாவளியினரோ இருந்தார்களா? எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பெயராவது வேண்டும்.

மற்றெல்லாக் கேள்விகளையும்விட இது அதிகம் வருகிறது. ஒரு பெயர் என்ன, பல பெயர்கள் உண்டு.

சைட் தாஜுதீன் 1943-இல் இராமநாதபுரம் பக்கத்து அழகன்குளத்தில் பிறந்தார். வைகை கடலோடு சேரும் இடத்தில், ரோமானியரோடு வாணிகம் நடந்த தடயங்களை அகழ்ந்தெடுத்த அதே அழகன்குளம். சிறுவயதில் பினாங்குக்கு வந்தவர், ஓவியம் கற்கத் திரும்பவும் கடல் கடந்து சென்னை அரசு ஓவியக் கல்லூரிக்குப் போனார். 1972-இல் அவர் தீட்டிய இராமாயணக் காட்சிகள் மலேசிய ஓவியத்தில் தனியிடம் பெற்றவை. தமிழ் முஸ்லிம் ஒருவர் சீதையையும் அனுமனையும் தீட்டினார் என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். அந்த உருவங்களின் நீண்ட கண்களிலும் வளைந்த கைகளிலும் நம் கோயில் சுவரோவியங்களின் சாயல் எனக்குத் தெரிகிறது.

நிர்மலா சண்முகலிங்கம், பிற்காலத்தில் நிர்மலா தத் என்றும் அறியப்பட்டவர், 1941-இல் பினாங்கில் பிறந்தார், 2016-இல் மறைந்தார். 1973-இல் தேசியக் கலைக்கூடம் ‘மனிதனும் அவன் உலகமும்’ என்ற தலைப்பில் நடத்திய போட்டியில் ‘அறிக்கை 1’ என்ற படைப்பை வைத்தார். சீர்கெட்ட சுற்றுச்சூழலைக் காட்டும் ஒளிப்படங்களும் ஆவணங்களுமே படைப்பு. அது பரிசும் பெற்றது. சுற்றுச்சூழல் என்ற சொல்லே அன்றாடப் பேச்சுக்கு வராத காலத்தில் ஒரு பெண் குப்பையைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்து, இதைப் பாருங்கள் என்று நிறுத்தினார். பின்னர் போர்களைப் பற்றியும் வறுமையைப் பற்றியும் அதே துணிவோடு வரைந்தார். இவரை நம் வீடுகளில் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

1965-இல் ஜொகூர் பாருவில் பிறந்த ஜெ. அனுரேந்திராவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டம் படித்தவர், கேலிச்சித்திரம் வரைந்தவர், பிறகு முழுநேர ஓவியர்.

நான்காவதாக நான் சொல்லும் பெயர் ஓவியருடையது இல்லை. தி. க. சபாபதி, 1938-இல் சிங்கப்பூரில் பிறந்த கலை வரலாற்றாசிரியர். 1970-களில் பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1979-இல் தேசியக் கலைக்கூடம் நன்யாங் ஓவியர்களுக்கு (சீனாவிலிருந்து சிங்கப்பூர், மலாயா பக்கம் வந்து வரைந்தவர்கள்) மீள்பார்வைக் கண்காட்சி நடத்தியபோது நூலில் எழுதினார். 1983-இல் பியாடாசாவோடு சேர்ந்து மலேசியாவின் நவீன ஓவியர்களைப் பற்றி நூல் வெளியிட்டார். 1994-இல் அதே கலைக்கூடம் மலேசிய நவீனக் கலையை மறுபடி அலசிப் பார்த்த பெரிய கண்காட்சிக்குரிய நூலின் பதிப்பாசிரியரும் அவரே. இந்த வட்டாரத்தின் பழைய கண்காட்சிகளைப் பற்றி யார் எழுதினாலும் அடிக்குறிப்பில் சபாபதி என்ற பெயர் வந்து நிற்கும். சீன ஓவியர்களின் வரலாற்றையும் மலாய் ஓவியர்களின் வரலாற்றையும் ஒருசேர எழுதிவைத்தவர் ஒரு சபாபதி என்று சொன்னால், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதை நானே பார்த்திருக்கிறேன்.

தோட்டப்புற வாழ்க்கையை யாராவது கண்காட்சியாக வைத்திருக்கிறார்களா?

வைத்திருக்கிறார்கள். பினாங்கு ஜார்ஜ்டவுனில் பிறந்த வோங் ஹோய் சியோங் 1994-இல் கரியால் பெரிய பெரிய தாள்களில் புலம்பெயர்ந்தோர் வரிசை ஒன்றை வரைந்தார். தம் குடும்பக் கதையிலிருந்தே தொடங்கினார். ஒரு படத்தின் தலைப்பு, ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் நடந்த திருமணம். இன்னொன்று, பதினான்கு வயதில் மணமாகிப் பதினான்கு பிள்ளை பெற்றவளைப் பற்றியது. 1996-இல் புலம்பெயர்ந்தோரையும் ரப்பர் மரங்களையும் ஒன்றாக வைத்துக் கோலாலம்பூரில் கண்காட்சி நடத்தினார். பிரேசிலிலிருந்து வந்த மரமும் கடல் கடந்து வந்த மனிதனும் ஒரே மண்ணில் வேர்பிடித்த கதை அது.

என் அம்மா தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தப் படங்களின் அச்சுப் பிரதிகளை ஒருமுறை அவருக்குக் காட்டினேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இவர் சீனர்தானே? இவர்கள் வீட்டிலும் வெட்டுக்குப் போனார்களா?” என்று கேட்டார். அம்மாவின் நினைவில் வெட்டு என்றால் நம் லயமும் நம் ஆட்களும் மட்டுமே. அன்று மாலை முழுக்க பால் பிடிக்கும் மங்குக் கிண்ணங்களைப் பற்றியும் ஒட்டுப்பாலைப் பற்றியும், விடியுமுன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு போனதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே இருந்தார். அதுவரை எங்களிடம் அவர் சொன்னதில்லை.

அண்மையதென்றால், 2025-இல் ஜாலான் பிஞ்சாயில் இருக்கும் இல்ஹாம் கலைக்கூடம் தோட்டத்தொழிலையே மையமாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. இல்ஹாம் 2015-இல் திறக்கப்பட்டது. அதன் முதல் கண்காட்சியில் உசேன் எனாஸ் 1960-களில் தீட்டிய, பல இனத்து மலேசியரின் உருவப்படங்கள் இடம்பெற்றன.

வீடுகளைப் பற்றி ஏதாவது உண்டா? பெரிய மனிதர்களின் வீடில்லை, நம் வீடு.

கலைஞர் சிம்ரின் கில் 2001-இல் செய்த ‘டாலாம்’. மலாயில் உள்ளே என்று பொருள். தீபகற்பம் முழுவதும் சுற்றி, முன்பின் தெரியாதவர்களின் கதவைத் தட்டி, அவர்கள் வரவேற்பறையைப் படமெடுத்தார். 260 ஒளிப்படங்கள். ஒன்றில்கூட மனிதர் இல்லை. நாற்காலியையும் திரைச்சீலையையும் சுவரில் மாட்டியிருப்பதையும் பார்த்தே இது யார் வீடாக இருக்கும் என்று மனம் ஊகிக்கத் தொடங்கிவிடும். அந்த ஊகம் எத்தனை முறை தவறுகிறது என்று கவனியுங்கள்.

பினாங்கில் இருக்கிறோம். எங்கள் பக்கத்துக் கண்காட்சிகளைப் பற்றிச் சொல்லுங்கள்.

பினாங்கு மாநில அரும்பொருளகமும் கலைக்கூடமும் 1965-லிருந்து இயங்குகின்றன. ஃபார்குவார் வீதியில் இருக்கும் அரும்பொருளகக் கட்டடம் முன்பு பினாங்கு ஃப்ரீ பள்ளியாக இருந்தது. அதன் ஒரு பாதி போர்க்காலக் குண்டுவீச்சில் அழிந்தது. அங்கேயுள்ள பழைய செல்வம், பொறியாளர் கேப்டன் ராபர்ட் ஸ்மித் 1818-ஐ ஒட்டித் தீட்டிய பினாங்குக் காட்சிகள். எட்டு எண்ணெய் ஓவியங்கள் அரும்பொருளகத்தின் உடைமை. அதே ஸ்மித்தின் மேற்பார்வையில் எழுந்ததுதான் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அதைக் கட்டியவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிக் கொண்டுவந்த கைதிகள். ஓவியங்களின் மலைகளும் கடலும் அழகாகவே இருக்கின்றன. கல் சுமந்தவர்களையும் நினைத்துக்கொண்டு பாருங்கள்.

யோங் முன் சென் சூலியா வீதியில் 1922-இல் கலைக்கூடம் நடத்தியவர். அவருடைய மீள்பார்வைக் கண்காட்சியை 1999-இல் பினாங்கு மாநிலக் கலைக்கூடம் நடத்தியது. சூலியா என்பது சோழமண்டலத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் பெயர். மலாயா நீர்வண்ண ஓவியத்தின் முன்னோடி ஒருவர் கடை போட்டது நம்மவர் பெயர் தாங்கிய தெருவில். பாத்திக் துணியில் ஓவியம் தீட்டிய சுவா தியன் தெங் பத்து ஃபெரிங்கியில் கூடம் வைத்திருந்தார். 2008-இல், அவர் மறைந்த அதே ஆண்டில், கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடம் அவருக்கு ஒரு கண்காட்சி நடத்தியது. புதியவற்றில், பழைய பேருந்துப் பணிமனையான ஹின் பஸ் டிப்போவில் 2014 ஜனவரியில் எர்னஸ்ட் சகாரெவிச் நடத்தியதைக் குறிப்பிட வேண்டும். ஆர்மேனியன் வீதியில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகளை 2012-இல் வரைந்தவர் அவர்தான்.

நடந்துகொண்டிருக்கும்போதே கண்காட்சியிலிருந்து படைப்புகளை எடுத்ததுண்டா?

உண்டு. அஹ்மட் ஃபுவாட் ஒஸ்மானின் முப்பதாண்டுப் படைப்புகளை 2019 அக்டோபரில் தேசியக் கலைக்கூடம் காட்சிக்கு வைத்தது. 2020 பிப்ரவரியில் நான்கு படைப்புகள் அகற்றப்பட்டன. அதற்கு முன் 2017-இல், சபாவைச் சேர்ந்த பங்ரோக் சுலாப் குழுவின் மரச்செதுக்கு அச்சு ஒன்று பங்சாரில் நடந்த கண்காட்சியிலிருந்து எடுக்கப்பட்டது. பார்க்க வந்தவர் தாமே பார்த்து முடிவு செய்யட்டும் என்று நம்புகிறவள் நான். ஆகவே இவை எனக்கு உடன்பாடில்லாத செயல்கள். ஆராய்கிறவர்கள் மறக்கக் கூடாத ஒன்று: நூல் முன்னதாகவே அச்சாகியிருக்கும். சுவரில் கடைசி நாளன்று இருந்ததும் நூலில் இருப்பதும் வேறுபடலாம்.

மகள் படிவம் ஐந்து. காட்சிக் கலைக் கல்விக் கோப்புக்குப் பழைய கண்காட்சியைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. தலைப்பை மட்டும் சுருக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு கண்காட்சி, ஒரு கலைஞர், இரண்டே படைப்புகள். இணையத்தில் எடுத்த படத்தை ஒட்டுவதோடு நிறுத்தாமல், அந்தப் படத்தைப் பென்சிலால் தானே ஒருமுறை வரைந்து பார்க்கட்டும். கை வரைந்த பிறகுதான் கண் திறக்கும். 1974-இல் தேசியக் கலைக்கூடம் தொடங்கிய இளம் கலைஞர் போட்டி, பாக்காட் மூடா செசாமான், நல்ல தொடக்கம். இன்று புகழ்பெற்ற பலர் இளம் வயதில் பங்கெடுத்த போட்டி அது.

கலைக்கூடத்துக்கு எப்படிப் போவது?

எம்.ஆர்.டி. புத்ராஜெயா தடத்தில் கோலாலம்பூர் மருத்துவமனை நிலையத்தில் இறங்கினால் இஸ்தானா புடாயாவைத் தாண்டி நடந்தே போகலாம். செந்தூல்காரர்களுக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை.

அப்பா வைத்திருந்த பழைய அழைப்பிதழ்கள், கலைநிகழ்ச்சி மலர்கள், கண்காட்சிப் படங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எறிந்துவிடலாமா?

தயவுசெய்து எறியாதீர்கள். பெரிய கலைக்கூடங்களின் நூல்கள் எங்காவது ஒரு நூலகத்தில் இருக்கும். கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலும் நடந்த ஓவியக் கண்காட்சிகளுக்கு உங்கள் பெட்டியைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் போகலாம். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சி ஆண்டுதோறும் நடந்தது. படங்களையும் அழைப்பிதழ்களையும் கீழ்த்தளக் கிடங்கில் அட்டைப் பெட்டியில் வைத்திருந்தோம். ஒரு வெள்ளத்தில் எல்லாம் கூழாகிவிட்டன. அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் எனக்கு நினைவிருக்கின்றன, படங்கள் இல்லை.

பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். துருப்பிடித்த ஊசிகளையும் கிளிப்புகளையும் மெதுவாகக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிவிடாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பு வேண்டாம், சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் அது சீக்கிரம் பெருகும். ஒளிப்படத்தின் பின்பக்கம், மென்மையான பென்சிலால் ஊர், ஆண்டு, நிற்பவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். பேனா வேண்டாம். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்து, உடன்பிறந்தோர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.

பெயர் தெரியாத முகம் இருந்தால் அம்மாவிடம் இன்றைக்கே கேளுங்கள்.